மெயின்டனன்ஸ் மெயிலை மெஷின் படிக்கட்டும்: நெட்வொர்க்குகளுக்கு இடையே பராமரிப்பு அறிவிப்பு

நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் அறையில் உட்கார்ந்த எல்லோருக்கும் பழக்கமான கடிதம் இது. மாதிரிக்காக எழுதியது.

"அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் நெட்வொர்க்கின் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு 03/04 அன்று இரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை பராமரிப்புப் பணி நடைபெறும். சேவையில் சிறு தடங்கல் ஏற்படலாம். பாதிக்கப்படும் சர்க்யூட்டுகளின் பட்டியல் இணைப்பில் உள்ளது. ஒத்துழைப்புக்கு நன்றி."

எந்த லிங்க், எப்போது, எவ்வளவு நேரம் போகும் என்று இதை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 03/04 என்பதை அமெரிக்காவில் எழுதினால் மார்ச் 4, இங்கிலாந்தில் எழுதினால் ஏப்ரல் 3. இரவு 12 என்றால் அந்தத் தேதி பிறக்கிற 12 மணியா, முடிகிற 12 மணியா? எந்த ஊர் இரவு? சிறு தடங்கல் என்பது 50 மில்லிசெகண்டா, இரண்டு மணி நேரமா? வேலைக்கு எண்ணே கொடுக்கவில்லை. நாளைக்கே தேதி மாறி இன்னொரு மெயில் வந்தால், அது இதே வேலையா வேறு வேலையா என்று யாருக்கும் தெரியாது.

நடுத்தர அளவுள்ள ஓர் இணையச் சேவை நிறுவனம் இரண்டு மூன்று டிரான்சிட் (இணையம் முழுவதற்கும் வழி தரும் சேவை), ஓரிரு எக்ஸ்சேஞ்ச் (நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் இடம்), டேட்டா சென்டர், வாடகை ஃபைபர், வேவ்லெங்த் (ஃபைபரில் ஓர் ஒளி அலைவரிசை) என்று பத்துப் பேரிடமாவது சேவை வாங்கும். பத்துப் பேரும் பத்து விதமாக எழுதுவார்கள். ஒருவர் எச்டிஎம்எல் அட்டவணையில், ஒருவர் பிடிஎஃப்பில், ஒருவர் தலைப்பு வரியிலேயே எல்லாவற்றையும் அடைத்து. ஷிப்டில் இருப்பவர் அதைப் படித்து, சர்க்யூட்டை, அதாவது வாங்கிய இணைப்பை, தேடி, நேரத்தை மாற்றி, காலண்டரில் கையால் போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு தவறுக்கு இடம் இருக்கிறது. அவர் எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் வருடத்தில் சில தவறுகள் நடந்தே தீரும். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அனுப்புகிற முறையைத்தான் மாற்ற வேண்டும்.

காலண்டர் ஃபைலே போதும்

வட அமெரிக்க ஆபரேட்டர்களின் கூட்டமைப்பான நானாக் வட்டாரத்தில், 2010களின் நடுவில் இதற்காக ஒரு வடிவம் எழுதப்பட்டது. பெயர் மெயின்ட்நோட். அதை எழுதியவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் விட்டதுதான். மீட்டிங் அழைப்புக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஐகேலண்டர் ஃபைலையே எடுத்துக்கொண்டார்கள். 1998இல் ஆர்எஃப்சி எனும் இணையத் தர ஆவண வரிசையில் 2445 ஆக வந்து 2009இல் ஆர்எஃப்சி 5545 ஆகப் புதுப்பிக்கப்பட்ட அதே வடிவம். எந்த மெயில் நிரலில் திறந்தாலும் மனிதர் கண்ணுக்கு அது ஒரு காலண்டர் நிகழ்வாகத் தெரியும். மெஷினுக்குத் தேவையானது உள்ளே தனிப் புலங்களில் இருக்கும். சாதாரண மெயில் உரையும் கூடவே போகலாம்.

ஐகேலண்டரில் ஏற்கெனவே இருக்கும் புலங்கள்: தொடக்க நேரம், முடிவு நேரம், அறிவிப்பு உருவான நேரம், யூஐடி எனும் தனி அடையாளம், சீக்வன்ஸ் எனும் திருத்த எண், சுருக்கம், அனுப்புபவர். இவற்றோடு, எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ஆறு புதுப் புலங்களை மெயின்ட்நோட் சேர்க்கிறது: சேவை தருபவர் யார், வாடிக்கையாளரின் கணக்கு எண், பராமரிப்பு வேலையின் ஐடி, பாதிப்பு, பாதிக்கப்படும் பொருளின் ஐடி, வேலையின் நிலை. ஐகேலண்டரிலேயே நிலைக்கு ஒரு புலம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று தோன்றும். அதில் ஒரு நிகழ்வுக்கு டென்டேட்டிவ், கன்ஃபர்ம்டு, கேன்சல்டு என மூன்றே நிலைகள். பராமரிப்புக்கு அவை போதாது. வேலை ஆரம்பித்துவிட்டது, முடிந்துவிட்டது என்ற இரண்டும் வேண்டும். ஆகவே மெயின்ட்நோட்டில் இன்-ப்ராசஸ், கம்ப்ளீட்டட் என்று இரண்டு கூடுதல்.

நடைமுறையில் உயிர்நாடியாக இருப்பவை மூன்று: பொருளின் ஐடி, நேரம், பாதிப்பு. மற்ற புலங்களில் பிழை இருந்தால் யாராவது ஃபோன் செய்து சரிசெய்துகொள்வார்கள். இந்த மூன்றில் பிழை இருந்தால் தவறான லிங்க்கைக் காலி செய்வோம் (அதன் ட்ராஃபிக்கை வேறு பாதைக்கு மாற்றுவோம்), அல்லது சரியான லிங்க்கைத் தவறான நேரத்தில் காலி செய்வோம்.

ஐடி: அதிகம் உடைகிற இடம்

அறிவிப்பில் வரும் சர்க்யூட் ஐடி உங்கள் பதிவேட்டில் இருக்கும் ஐடியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் மட்டுமே மற்ற எல்லாம் நடக்கும். இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் தடுமாறுகின்றன. காரணம் எப்போதும் சின்னதாக இருக்கும்.

எக்ஸெல்லில் 00417 என்று தட்டினால் 417 ஆகிவிடும். 3-12 என்று மட்டும் இருக்கும் ஐடி தேதியாக மாறிவிடும். எக்ஸெல் எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் இல்லை. 16 இலக்க ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகும். வேர்டு கோப்பிலிருந்து ஒட்டினால் சாதாரண ஹைஃபன் நீளமான கோடாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு எழுத்து. எச்டிஎம்எல் அட்டவணையில் உடையாத இடைவெளி ஒன்று ஐடியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே சர்க்யூட்டுக்கு விற்பனைப் பிரிவு ஓர் ஐடியும், பில்லிங் பிரிவு வேறு ஐடியும், ஃபைபர் குழு மூன்றாவதாக ஒன்றும் வைத்திருப்பதும் சாதாரணம். அறிவிப்பை அனுப்புவது ஃபைபர் குழு. உங்கள் கையில் இருப்பதோ பில்லில் வந்த ஐடி.

இதற்கு நாங்கள் பரிந்துரைப்பது: பதிவேட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் சப்ளையர் ஐடி என்று ஒரே ஒரு கட்டம் வைக்காதீர்கள். பல மாற்றுப் பெயர்களை ஏற்கும் பட்டியல் வையுங்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கமும் சுத்தம் செய்யுங்கள்: எல்லாம் பெரிய எழுத்து, எல்லா விதக் கோடும் ஒரே ஹைஃபன், முன்பின் இடைவெளி நீக்கம். அதோடு நிறுத்துங்கள். முன்னால் உள்ள சுழியங்களை நீக்கி ஒப்பிடலாமே என்று தோன்றும்; செய்யாதீர்கள். 0417ம் 417ம் இரண்டு வெவ்வேறு சர்க்யூட்டாக இருக்கும் நாள் வரும். பொருந்தாத ஐடி வந்தால் மனிதர் பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள், அவர் சரியான சர்க்யூட்டைக் காட்டியதும் அந்த ஐடியை மாற்றுப் பெயராகச் சேமியுங்கள். அடுத்த முறை அது தானாகவே பொருந்தும்.

புதுச் சர்க்யூட்டை ஏற்கும் நாளே இதற்குச் சரியான நாள். லிங்க் மேலே வந்து டெஸ்ட் முடிந்ததும், "பராமரிப்பு அறிவிப்பில் இந்தச் சர்க்யூட்டை எந்த ஐடியால் குறிப்பிடுவீர்கள்?" என்று சப்ளையரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் பதில் வராது.

நேரம்

யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள். ஐகேலண்டரில் எட்டு இலக்கத் தேதி, நடுவில் டீ, ஆறு இலக்க நேரம், கடைசியில் இசட். அந்த இசட் விடுபட்டுப் போனால், நேர மண்டலமும் தனியாகக் குறிக்கப்படாவிட்டால், அது மிதக்கும் நேரம் ஆகிவிடும். அதாவது, திறக்கிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் நேரம். பிறந்தநாளுக்கு அது சரி. ஃபைபரை வெட்டி ஒட்டும் வேலைக்கு ஆகாது. உங்கள் நிரல் மிதக்கும் நேரத்தைப் பார்த்தால் ஊகிக்கக் கூடாது, நிராகரித்து மனித வரிசைக்குத் தள்ள வேண்டும்.

சுருக்கப் பெயர்களை நம்ப வேண்டாம். ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே மூன்றெழுத்துதான். சிஎஸ்டி என்பது அமெரிக்காவின் மத்திய நேரமும் சீன நேரமும். இரண்டுக்கும் இடையே 14 மணி நேரம். கடிகாரம் மாற்றும் வாரங்கள் இன்னும் மோசம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறது. ஐரோப்பா மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் லண்டன்–நியூயார்க் வித்தியாசம் ஐந்துக்குப் பதில் நான்கு மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 1:30 என்று நியூயார்க்கில் யாராவது எழுதினால், அந்த 1:30 அன்று இரண்டு முறை வரும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் யூடிசியிலிருந்து ஐந்தரை மணி நேரம். அந்த அரை மணிதான் கையால் கணக்குப் போடுபவர்களைக் கவிழ்க்கிறது. இந்திய நள்ளிரவு 00:00 முதல் 06:00 வரை என்பது யூடிசியில் முந்தைய நாள் 18:30 முதல் 00:30 வரை. தேதியும் மாறுகிறது. சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் குழு தங்கள் அதிகாலை 01:00 முதல் 05:00 வரை வேலை வைக்கிறது. அவர்களுக்கு அது ஊரடங்கிய நேரம். சென்னையில் அது முந்தைய நாள் இரவு 10:30 முதல் 2:30 வரை. வீடுகளில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும் 10:30க்கு அந்தப் பாதையில் கொள்ளளவு பாதியாகிறது. லண்டனில் குளிர்கால நள்ளிரவு முதல் 6 மணி வரை வேலை என்றால் நமக்குக் காலை 5:30 முதல் 11:30. அலுவலகம் திறந்து இரண்டு மணி நேரம் உள்ளே. அறிவிப்பு யூடிசியில் வந்தால் நிரல் இதை உடனே உங்கள் ட்ராஃபிக் வரைபடத்தோடு ஒப்பிட்டு, "உச்ச நேரத்தில் விழுகிறது, நேரத்தை மாற்றக் கேளுங்கள்" என்று பத்து நாள் முன்பே சொல்லிவிடும். அந்தப் பத்து நாள் இருந்தால் சப்ளையரோடு பேசிப் பார்க்கலாம். வேலை நடக்கும் இரவில் பேசினால் எதுவும் மாறாது.

மூன்று இரவு நடக்கும் வேலையை 72 மணி நேர ஒரே நிகழ்வாக அனுப்புவது பலரின் பழக்கம். பெறுபவரின் அமைப்பு மூன்று நாளும் அந்த லிங்க்கைச் செத்ததாகக் கருதும், அல்லது பகலில் நடக்கும் உண்மையான பழுதையும் 'பராமரிப்பு' என்று மூடிவிடும். ஒவ்வோர் இரவுக்கும் தனி நிகழ்வு, தனி யூஐடி, ஆனால் பராமரிப்பு ஐடி ஒன்றே. அப்படி அனுப்புங்கள்.

பாதிப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் யார் சொல்வது

மெயின்ட்நோட் நான்கு அளவு தருகிறது. நோ-இம்பாக்ட்: ஒன்றும் ஆகாது. ரிட்யூஸ்டு-ரிடன்டன்சி: சேவை ஓடும், மாற்றுப் பாதை இருக்காது. டிகிரேடட்: சேவை இருக்கும், தரம் குறையும். அவுட்டேஜ்: சேவை நிற்கும். ஒரே அறிவிப்பில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனிப் பாதிப்பும் குறிக்கலாம். பத்துச் சர்க்யூட்டில் இரண்டு மட்டும் நிற்கும் என்றால் அதைச் சொல்ல வழி இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், ஆப்டிகல் குழுவின் 'பாதிப்பில்லை' ஐபி குழுவுக்குப் பாதிப்பு. எஸ்டிஹெச் எனும் பழைய ஃபைபர் தொழில்நுட்பத்தின் காலத்திலிருந்து பாதுகாப்புப் பாதைக்கு மாற 50 மில்லிசெகண்ட் என்பது ஆப்டிகல் உலகின் அளவுகோல். அந்த 50 மில்லிசெகண்டில் வெளிச்சம் போய்த் திரும்புகிறது. உங்கள் ரௌட்டரில் கேரியர் டிலே (சிக்னல் போனதும் ரௌட்டர் பொறுத்திருக்கும் நேரம்) சுழியமாக இருந்தால் இன்டர்ஃபேஸ் அந்த நொடியே கீழே போகும். நேரடியாக இணைந்த பிஜிபி பியர் (உங்களோடு வழித் தகவல் பரிமாறும் எதிர்ப்பக்க ரௌட்டர்) என்றால் ஹோல்டு டைமர் (எதிர்ப்பக்கம் பேசாவிட்டால் பொறுத்திருக்கும் நேரம்) முடியக் காத்திருக்காது. செஷன் உடனே விழும். ஒன்பது லட்சத்துக்கு மேலான ஐபிவி4 வழிகள் வாபஸாகி மறுபடி கற்கப்படும். 50 மில்லிசெகண்ட் சில நிமிடமாக நீண்டுவிடும். பிஎஃப்டி (பாதை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் நெறிமுறை) ஓடினால் அதன் கணக்கையும் பாருங்கள்: 300 மில்லிசெகண்ட் மூன்று முறை என்றால் 900 மில்லிசெகண்ட் தாங்கும், 50 மூன்று முறை என்றால் 150தான். ஸ்விட்ச் ஒருமுறை தடுமாறினாலே விழுந்துவிடும்.

ஆகவே அனுப்புபவருக்கு ஒரு விதி: பாதுகாப்பு ஸ்விட்ச்சிங் நடக்கும் என்றால் நோ-இம்பாக்ட் எழுதாதீர்கள். உரைப் பகுதியில் "ஆறு மணி நேர விண்டோவுக்குள் தலா 50 மில்லிசெகண்டுக்குக் கீழ் இரண்டு ஸ்விட்ச்" என்றோ, "30 நிமிடம் ஒரே தடை" என்றோ தெளிவாக எழுதுங்கள். விண்டோ வேறு, உண்மையான தடை நேரம் வேறு. இரண்டும் தெரிந்தால்தான் பெறுபவர் முடிவெடுக்க முடியும். பெறுபவருக்கு ஒரு விதி: பாதிப்புப் புலம் காலியாக வந்தால் அல்லது தெரியாத சொல் வந்தால் அவுட்டேஜ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்படும் சர்க்யூட்டுகளுக்குக் கேரியர் டிலேயை 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை வையுங்கள். பாதுகாப்பில்லாத வெற்று ஃபைபருக்குச் சுழியமே நல்லது.

ரிட்யூஸ்டு-ரிடன்டன்சியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதுதான் ஆபத்து. ஒரு சப்ளையரின் சென்னை–மும்பைப் பாதையில் அந்த நிலை, அதே இரவு வேறொரு சப்ளையரின் பாதையில் அவுட்டேஜ் என்றால் நீங்கள் ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறீர்கள். இரண்டு மெயிலையும் வேறு வேறு நாள், வேறு வேறு ஆள் படித்திருப்பார். எல்லா அறிவிப்பும் ஒரே வடிவத்தில் ஒரே காலண்டரில் விழும்போதுதான் மோதல் சோதனை சாத்தியம். ஒவ்வொரு விண்டோவின் இரு பக்கமும் இரண்டு மணி நேரம் கூட்டிச் சோதியுங்கள், வேலைகள் தாமதமாவது வழக்கம். ஒரே குழாயில் போகும் ஃபைபர்களை, ஒரே லேண்டிங் ஸ்டேஷனில் கரையேறும் கடலடிக் கேபிள்களை ஒரு குழுவாகக் குறித்து வைத்தால் சோதனை உண்மையிலேயே பலன் தரும்.

தேதி மாறும்போது

வேலை தள்ளிப்போனால் அதே யூஐடி, சீக்வன்ஸ் மட்டும் ஒன்று கூட வேண்டும். பெறும் நிரல் பழைய நிகழ்வின் இடத்தில் புதியதை வைக்கும். புது யூஐடியோடு அனுப்பினால் காலண்டரில் இரண்டு வேலை நிற்கும், நடக்காத வேலைக்காக ஒரு இரவு ட்ராஃபிக்கை மாற்றுவீர்கள். மெயில் வரிசையில் சிக்கிப் பழைய அறிவிப்பு புதியதற்குப் பிறகு வந்து சேர்வதும் உண்டு. ஆகவே வந்த நேரத்தைப் பார்க்காமல் சீக்வன்ஸைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்; கையில் 3 இருக்கும்போது 2 வந்தால் பதிவு செய்துவிட்டு ஒதுக்குங்கள். ரத்தும் அதே யூஐடியில், நிலையைக் கேன்சல்டு என்று மாற்றி வர வேண்டும். "முந்தைய மெயிலைப் புறக்கணிக்கவும்" என்ற உரையை எந்த நிரலும் புரிந்துகொள்ளாது.

பெறும் பக்கத்தில்

மெயிலுக்குப் பொது முகவரி ஒன்று வையுங்கள், தனி நபர் பெயரில் வேண்டாம். அவர் வேலை மாறிப் போனதும் அறிவிப்பும் அவரோடு போய்விடும். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2142 நெட்வொர்க் குழுவுக்கு 'நாக்' என்ற பெட்டிப் பெயரையே பரிந்துரைக்கிறது. நெட்வொர்க்குகள் தங்கள் விவரங்களைப் பதிந்து வைக்கும் பியரிங் டிபி தளத்தில் தொடர்பு வகைகளில் மெயின்டனன்ஸ் என்றே ஒன்று உண்டு. அதை நிரப்பி வைத்தால் பியர்களுக்குத் தேட வேண்டியிருக்காது.

மெயிலை அப்படியே மூல வடிவில் எடுங்கள், மூலப் பிரதியைச் சேமித்தும் வையுங்கள். சில மெயில் சர்வர்கள் காலண்டர் பகுதியைத் தங்கள் உள்வடிவத்துக்கு மாற்றிவிடும். எக்ஸ் புலங்கள் அதில் தொலையலாம். மெயிலை அனுப்பிய டொமைனை உறுதிசெய்யும் டிகேஐஎம் கையொப்பத்தைச் சரிபார்த்து, அந்த டொமைன் அந்தச் சப்ளையருக்கு உரியதா என்றும் பாருங்கள். போலி அறிவிப்பு ஒன்றால் உங்கள் முக்கிய லிங்க்கை நீங்களே காலி செய்யும்படி ஆகிவிடக் கூடாது.

ஃபைலைப் பிரிக்கும்போது ஒரு நுணுக்கம். ஐகேலண்டரில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகாமல் மடிக்கப்படும். மடித்த வரி ஓர் இடைவெளியோடு தொடங்கும். முதலில் மடிப்பை நீக்கிவிட்டுப் பிறகு புலங்களைப் பிரியுங்கள். மாற்றிச் செய்தால் நீளமான சர்க்யூட் ஐடி பாதியில் வெட்டுப்படும். எண்ணிக்கை பைட்டில் என்பதால் தமிழில் சுருக்கம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்: யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். கவனமில்லாத நிரல் ஓர் எழுத்தின் நடுவிலேயே மடித்துவிடும். உரைப் புலத்தில் கமாவும் செமிகோலனும் வந்தால் முன்னால் பின்சாய்கோடு வேண்டும். ஐடிக்குள் கமா வைத்திருக்கும் சப்ளையர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொந்தமாக எழுத வேண்டியதில்லை. நெட்வொர்க் டு கோட் நிறுவனம் சர்க்யூட்-மெயின்டனன்ஸ்-பார்சர் என்ற பைதான் நூலகத்தைத் திறந்த மூலமாக வைத்திருக்கிறது. மெயின்ட்நோட் ஃபைலைப் படிக்கும்; வடிவத்தைப் பின்பற்றாத பல சப்ளையர்களின் எச்டிஎம்எல் மெயிலுக்கும் தனித்தனி வாசிப்பான்கள் அதில் உண்டு. அந்த எச்டிஎம்எல் வாசிப்பான்கள் சப்ளையர் டெம்ப்ளேட்டை மாற்றிய நாளில் உடையும், அதற்கு மருந்து இல்லை. உடைந்தது தெரியாமல் போவதைத்தான் தடுக்க வேண்டும். வாசிக்க முடியாத ஒவ்வொரு மெயிலும் டிக்கெட்டாக வேண்டும். வழக்கமாக வாரம் இரண்டு அறிவிப்பு அனுப்புபவரிடமிருந்து ஒரு மாதம் ஒன்றுமே வராவிட்டால் அதற்கும் ஒரு எச்சரிக்கை வையுங்கள். மொழி மாதிரிகளை வைத்து மெயிலைப் படிக்க வைப்பவர்களும் உண்டு. வரைவு நிரப்ப அது உதவும். அது ஊகித்த தேதியை வைத்து ட்ராஃபிக்கைத் தானாக மாற்றும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

காலி செய்வது

அறிவிப்பு சரியாக வந்தால் அடுத்து லிங்க்கை மெதுவாகக் காலி செய்யலாம். 2018 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 8326 இதற்கு 65535:0 என்ற கம்யூனிட்டியை, அதாவது வழிகளோடு ஒட்டி அனுப்பும் குறியை, தருகிறது. வேலைக்கு 15 நிமிடம் முன் அந்த பிஜிபி செஷனில் நீங்கள் அறிவிக்கும் வழிகளில் இதைச் சேருங்கள். பெறுபவர் லோக்கல் ப்ரெஃபரன்ஸை (வழிக்குத் தரும் முன்னுரிமை எண்) 0 ஆக்கி வேறு பாதைக்குப் போவார். அவர் பக்கம் அதற்கான பாலிசி எழுதியிருந்தால்தான் இது நடக்கும், தானாக நடக்காது. முன்பே கேட்டு வையுங்கள். வெளியே போகும் ட்ராஃபிக்குக்கு உங்கள் பக்கமும் அந்தச் செஷனில் கற்ற வழிகளின் ப்ரெஃபரன்ஸைக் குறைக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்: உள்ளே வருவது காலியாகும், வெளியே போவது அப்படியே ஓடும். வரைபடத்தில் இரு திசையும் தரைக்கு வந்த பிறகே செஷனை ஷட் செய்யுங்கள். ஷட் செய்யும்போது காரணமும் அனுப்பலாம்: ஆர்எஃப்சி 9003இன்படி 255 பைட் வரை. பராமரிப்பு ஐடியை அதில் போட்டால் எதிர்ப்பக்க லாகில் அது அப்படியே விழும், ஃபோன் வராது.

எக்ஸ்சேஞ்சில் கதை வேறு. நடுவில் ஸ்விட்ச் இருப்பதால், உள்ளே பாதை அறுந்தாலும் உங்கள் இன்டர்ஃபேஸ் பச்சையாகவே இருக்கும். ஹோல்டு டைமர் 90 விநாடியோ 180 விநாடியோ முடியும் வரை பாக்கெட்டுகள் பள்ளத்தில் விழும். இதற்காகவே அதே மாதம் ஆர்எஃப்சி 8327 வந்தது. எக்ஸ்சேஞ்ச் நடத்துபவர் வேலைக்கு முன் பியரிங் லேன் (எக்ஸ்சேஞ்சின் பொது நெட்வொர்க்) முகவரிகளுக்கு இடையே, பிஜிபி பேசும் டிசிபி 179 போர்ட்டை மட்டும் வடிகட்டித் தடுப்பார். செஷன்கள் விழும், டேட்டா பாதை இன்னும் உயிரோடு இருப்பதால் ட்ராஃபிக் இழப்பின்றி நகரும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும், இரண்டு திசைக்கும் விதி வேண்டும். ஐபிவி6ஐ மறந்தால் பாதி வேலைதான். பியரிங் லேன் முகவரிகளோடு மட்டும் விதியை நிறுத்துங்கள்; வழியே கடந்து போகும் பிறருடைய பிஜிபியைத் தொடக் கூடாது.

முடிந்த பிறகு

விண்டோ நேரம் முடிந்தும் கம்ப்ளீட்டட் வரவில்லை என்றால் அலாரத்தை மூடி வைத்திருக்காதீர்கள். வந்தாலும், லிங்க் மேலே இருக்கிறது என்பதோடு நிற்காமல் நான்கு எண்ணைப் பாருங்கள்: ரிசீவ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு), சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்), ரவுண்ட் ட்ரிப் நேரம், பெற்ற வழிகளின் எண்ணிக்கை. 10ஜி எல்ஆர் ஆப்டிக் (ஃபைபரைச் செருகும் ஒளி மாட்யூல்) –14.4 டிபிஎம் வரை வாங்கும். வேலைக்கு முன் –6 இருந்தது பிறகு –12 என்றால் லிங்க் ஓடும், ஆனால் கையில் மிச்சம் 2.4 டிபிதான். ஸ்ப்ளைஸ் (ஃபைபரை ஒட்டிய இடம்) சரியில்லை அல்லது கனெக்டரில் அழுக்கு. அந்தக் குழு இன்னும் களத்தில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், கிளம்பிப் போய்விட்டால் அடுத்த விண்டோவுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ரவுண்ட் ட்ரிப்பில் ஒரு மில்லிசெகண்ட் என்றால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஃபைபர். முன்பு 33 இருந்தது இப்போது 40 என்றால் 700 கிலோமீட்டர் சுற்றிப் போகிறீர்கள்: பாதுகாப்புப் பாதையிலிருந்து யாரும் உங்களைத் திருப்பி வைக்கவில்லை. உங்கள் இன்னொரு சர்க்யூட்டும் அந்தப் பாதையில்தான் என்றால் இரண்டும் இப்போது ஒரே குழாயில்.

சப்ளையரை இதற்குள் கொண்டு வர நல்ல நேரம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். திட்டமிட்ட வேலைக்குப் பத்து வேலைநாள் முன்னறிவிப்பு, மெயின்ட்நோட் வடிவம், யூடிசி நேரம், மாறாத யூஐடி என்று எழுத்தில் கேளுங்கள். 'ஆதரிக்கிறோம்' என்ற பதிலோடு விடாதீர்கள். உங்கள் சர்க்யூட் ஒன்றை வைத்து மூன்று சோதனை அறிவிப்பு அனுப்பச் சொல்லுங்கள்: முதலில் ஒரு கன்ஃபர்ம்டு, பிறகு அதையே மறுநாளுக்குத் தள்ளி ஒன்று, கடைசியில் ரத்து. மூன்றும் வந்து முடிந்ததும் உங்கள் காலண்டரைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு நிகழ்வு, ரத்து நிலையில், சீக்வன்ஸ் இரண்டு முறை கூடி, சரியான சர்க்யூட்டின் மீது நிற்க வேண்டும். இரண்டு நிகழ்வு தெரிந்தால் கையெழுத்துக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.